ஒத்தப்பனை வயலில் புகையான்

1973 நவம்பர் 4

மூன்று நாள் அடைமழைக்குப் பிறகு இன்று காலை வெயில் வந்தது. டீகூடக் குடிக்காமல் கேமராவைத் தூக்கிக்கொண்டு வரப்புக்கு ஓடினேன். ஓடியதற்கு ஒரு பொறிவண்டு கிடைத்தது. நெல் இலையின் நுனியில், முதுகில் பனித்துளியோடு, அசையாமல் இருந்தது. காலைக் குளிரில் பூச்சிகள் விறைத்துக் கிடக்கும். வெயில் ஏறி உடம்பு காய்ந்துவிட்டால் ஒன்றுகூட நிற்காது. எனக்குக் கிடைப்பது நடுவில் இருக்கிற அந்த முக்கால் மணி நேரம்தான்.

ஃப்ளாஷ் அடித்தால் சுலபம்தானே என்பார் கபீர் பாய். கும்பகோணத்தில் அவர் ஸ்டூடியோவில்தான் ஆறு வருடம் தொழில் கற்றேன், இந்தப் பழைய ஜெர்மன் கேமராவும் அவர் கொடுத்ததுதான். ஆனால் ஃப்ளாஷ் அடித்தால் பூச்சியின் முதுகு வெள்ளைத் தகடாகிவிடும், சுற்றிலும் கறுப்பாகிவிடும். அது எங்கே உட்கார்ந்திருக்கிறது, என்ன தின்கிறது என்று ஒன்றும் தெரியாது. எனக்கு வெயில் போதும். அப்பாவின் பழைய வேட்டியை இரண்டு குச்சியில் கட்டி ஒரு பக்கம் நிறுத்தினால் வெளிச்சம் திரும்பி விழும். பயிரின் தூருக்குள் வெளிச்சம் வேண்டுமென்றால் சவரக் கண்ணாடி. லென்சுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டுகிற குழாய், குத்துவிளக்கு கடைகிற பட்டறையில் சொல்லிச் செய்த பித்தளை. உள்ளே விளக்குக் கரி பூசியிருக்கிறேன். அதைப் போட்டால் எள் அளவு பூச்சி தபால் கார்டு அளவு தெரியும். மூச்சு விட்டால் படம் போச்சு.

விவசாய ஆபீஸ் டெமான்ஸ்ட்ரேட்டர் யூனுஸ் சார் கேட்டிருப்பது பன்னிரண்டு படம். நெல்லில் வருகிற பூச்சிகளையெல்லாம் ஒரே தாளில் அச்சடித்து ஊர் ஊராக ஒட்டப்போகிறாராம். ஐந்து முடிந்தது.

பொறிவண்டைப் படம் பிடித்த இடம் ஒத்தப்பனை வயல். பதினைந்து மா, அதாவது ஐந்து ஏக்கர். வாய்க்காலின் தலைமடை. நடராசன் பண்ணையிலேயே கொழுத்த நிலம் இதுதான். அவன் வயல் பூச்சியைப் படம் பிடிக்க அவனிடம் நான் கேட்கவில்லை. வரப்பு ஊர்ப் பாதை. அதை மட்டும் அவனால் பட்டா போட முடியவில்லை.

நவம்பர் 5

மழை. ஸ்டூடியோவில் ஒரே ஒரு கல்யாண ஜோடி. பெண் கடைசிவரை சிரிக்கவில்லை, நானும் சிரிக்கச் சொல்லவில்லை.

நவம்பர் 9

வரப்பில் குப்புறப் படுத்திருந்தேன். தலைமாட்டில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் நடராசன். பின்னால் அவன் செருப்பைக் கையில் பிடித்தபடி, பண்ணையைக் கவனிக்கிற காரியக்காரர் அரசப்பன். நான் எழுந்திருக்கவில்லை. அது ஒன்றுதான் என்னால் முடிந்தது.

ஐயாவு மகன்தானே என்றான். பூச்சியைப் பிடித்து என்ன செய்யப்போகிறாய், மனுஷர்களைப் பிடி, நாலு காசு வரும் என்று புத்தி சொன்னான். போகிற போக்கில் நின்று, "உங்கப்பன் நல்ல உழைப்பாளிப்பா. விதி, என்ன பண்றது" என்றான்.

விதியாம்!

எழுதியே வைக்கிறேன், இல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். அறுபத்தொன்பது குறுவை அறுப்பு. சர்க்கார் சொன்ன கூலியை சர்க்கார் லிட்டரால் அளந்து போடுங்கள் என்று களத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டவர் அப்பா. பண்ணை மரக்காலின் அடியில் அளவு குறையத் தக்கை வைத்திருப்பது ஊருக்கே தெரியும். வாயைத் திறந்தவர் அவர் ஒருத்தர்தான். அன்று சாயங்காலமே நெல் திருடினான் என்று சொல்லிக் கிடங்கில் தள்ளிப் பூட்டினார்கள். ஈர நெல், புழுக்கம், சுணை. அப்பாவுக்கு ஏற்கெனவே இழுப்பு உண்டு. மறுநாள் உச்சிப்பொழுதில் கதவைத் திறந்தபோது அவரால் பேச முடியவில்லை. பன்னிரண்டாம் நாள் போய்விட்டார். கேட்க வந்தவர்களிடம் அரசப்பன், "அடைச்சு வைக்கலீங்க, காவலுக்குப் படுக்கச் சொன்னோம்" என்று சொல்லி முடித்துவிட்டார்.

ஊரையெல்லாம் படம் பிடித்த நான் அப்பாவை உயிரோடு ஒரு படம் பிடித்ததில்லை. இருப்பது ஒன்றுதான். நாற்காலியில் உட்காரவைத்து, தலை சாயாமல் பின்னால் துண்டால் கட்டி, வாசல் வெயிலில் எடுத்தது. இந்த மாதிரிப் படங்களில் மூடிய கண்ணின் மேல் மையால் கண் வரைந்து கொடுப்பது வழக்கம். நானே எத்தனையோ பேருக்கு வரைந்து கொடுத்திருக்கிறேன். அப்பாவுக்கு வரையவில்லை. நடராசன் விழுகிற நாள்வரை அந்தக் கண் மூடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அம்மா இன்னும் அந்தப் பண்ணைக்குத்தான் நடவுக்கும் களைக்கும் போகிறாள். வேண்டாம் என்றால் கேட்பதில்லை. எப்படித்தான் போகிறாளோ!

நவம்பர் 12

ஏழு மணிக்கு ஒத்தப்பனை வயல். பனைமரத்துக்கு நேர் கீழே ஒரு குத்துப் பயிரைப் பிரித்து, சவரக் கண்ணாடியால் தூருக்குள் வெயிலை விட்டேன். சிலந்தி கிடைக்கும் என்று பார்த்தது. தண்ணீருக்கு ஒரு விரல் மேலே, பயிரின் தண்டுத் தாளோடு ஒட்டிப் பழுப்பாக நாலைந்து. வெறும் கண்ணுக்குத் தவிடு ஒட்டிய மாதிரிதான் இருந்தது. குழாயை மாட்டிப் பார்த்தால் கண் இருக்கிறது, கால் இருக்கிறது, ஊசி மூக்கைத் தாளுக்குள் இறக்கி நிதானமாக உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. விரலைக் கொண்டுபோனால் நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து தாளின் அந்தப் பக்கம் ஒளிந்துகொள்கிறது.

புகையான். யூனுஸ் சார் புத்தகத்தில் இதன் கோட்டுப்படம் பார்த்திருக்கிறேன். இது பெருகினால் வயல் வட்ட வட்டமாகக் காய்ந்து, நெருப்பு வைத்தது போல ஆகிவிடும். ஆரம்பத்திலேயே கண்டுவிட்டால் பெரிய வேலை இல்லை. தண்ணீரை வடித்து நாலு நாள் காயவிட்டு, பயிரைப் பிரித்துக் காற்று விட்டு, தூரில் படும்படி மருந்தடித்தால் போதும். கண்ணில் பட்டதும் ஓடிவந்து சொல் என்று சார் நாலு தடவை சொல்லியிருக்கிறார்.

இதைப் பார்த்தவன் ஊரில் நான் ஒருத்தன். ஓடவில்லை. மூன்று படம் எடுத்துக்கொண்டு, அந்தக் குத்தில் அடையாளத்துக்கு ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிட்டு, மெதுவாக நடந்து வந்தேன்.

நவம்பர் 13

டீக்கடையில் யூனுஸ் சார். ஒத்தப்பனைப் பக்கம் ஏதாவது பட்டதா தம்பி என்று கேட்டார். பச்சைத் தத்துப்பூச்சி கொஞ்சம் இருக்கு சார், பயப்படுகிற அளவு இல்லை என்றேன். நல்ல மனுஷர். சைக்கிளிலேயே முப்பது ஊர் சுற்றுகிறார். அவரிடம் பொய் சொன்னது உறுத்துகிறது. உறுத்தட்டும்.

நவம்பர் 14

பேப்பரில் படம் எழும்பி வந்தபோது சிரித்துவிட்டேன். இருட்டறையில், தனியாக. அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

நவம்பர் 20

அதே குத்து. நான்கு பதினொன்றாகியிருக்கிறது. இன்னும் இறக்கை முளைக்காத வெள்ளைக் குஞ்சுகள் தூரில் பரபரவென்று ஓடுகின்றன. தாளில் பழுப்புக் கீறல்கள், அதற்குள்தான் முட்டை.

அரசப்பன் அந்தப் பக்கமாக வந்து, பயிர் கருகருவென்று நிற்கிற அழகைப் பார்த்துவிட்டு இன்னொரு மூட்டை யூரியா போடச் சொல்லி ஆளை விரட்டினார். போடுங்கள். நன்றாகப் போடுங்கள். புகையானுக்கு அதுதான் விருந்து.

நவம்பர் 25

அம்மா களையெடுத்துவிட்டு வந்தாள். கையைச் சொறிந்துகொண்டே, ஒத்தப்பனை வயலில் தூரைத் தொட்டால் உமி மாதிரி என்னமோ குதிக்கிறது என்றாள். காரியக்காரரிடம் சொல்லட்டுமா என்று கேட்டாள்.

சொல்லாதே என்றேன். அவன் வயல் எரிந்தால் நமக்கென்ன, கிடங்கில் வைத்து அப்பாவைக் கொன்றவனுக்கு நீ காவல் வேலை பார்க்கிறாயா என்று கத்திவிட்டேன். அம்மா என்னைப் பார்த்தாள்.

"நட்டது நாந்தானேடா" என்றாள்.

அறுப்புக்கு வருகிற பெண்களுக்குக் கூலி நெல் போகுமே என்று ஒரு நினைப்பு வந்தது. சுற்றுவட்டாரத்தில் இந்த ஒரு வயலிலா அறுப்பு? தள்ளிவிட்டேன் அந்த நினைப்பை.

நவம்பர் 27

காலையில் போனால் வயலில் தண்ணீர் குறைந்திருந்தது. சுற்றிப் பார்த்தேன். கீழ்க்கோடியில் வடிகாலை யாரோ வெட்டிவிட்டிருக்கிறார்கள். தண்ணீர் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. பண்ணை ஆள் எவனோ யூரியா போடுவதற்காக வடித்திருக்க வேண்டும். நாலு நாள் காய்ந்தால் என் பூச்சியெல்லாம் போச்சு.

என் பூச்சி — இப்படித்தான் எழுத வருகிறது.

இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தேன். ஆள் இல்லை. கேமராவை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் சேற்றை அள்ளி அள்ளி வைத்து அடைத்தேன். தண்ணீர் நின்றது. கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். இதுவரை சும்மா இருந்தேன், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொள்ளலாம். இன்று முதல் அப்படிச் சொல்ல முடியாது. சரி, சொல்ல வேண்டாம்.

டிசம்பர் 1

மறுபடி வெட்டியிருந்தது. மறுபடி அடைத்தேன்.

டிசம்பர் 8

முப்பத்தாறு வரை எண்ணினேன், அதற்கு மேல் எண்ண முடியவில்லை. தாள் தெரியவில்லை, பூச்சிதான் தெரிகிறது.

நாலு வாரத்துப் படங்களையும் வரிசையாக இருட்டறைச் சுவரில், அப்பா படத்துக்குக் கீழே கிளிப் போட்டு மாட்டினேன். பின்பக்கம் தேதி. பாருங்கப்பா என்றேன். அவர்தான் பார்க்க மாட்டாரே.

டிசம்பர் 16

வந்துவிட்டது! பனைமரத்தைச் சுற்றி ஒரு வட்டம், மாட்டுவண்டிச் சக்கரம் அகலம். மஞ்சள். நடுவில் பழுப்பு.

டிசம்பர் 18

வட்டங்கள் ஒன்பது. பண்ணையில் ஒரே அமளி. யூனுஸ் சாருக்கு ஆள் போய், அவர் ஓடிவந்து பயிரைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். மருந்து அடித்தார்கள். எல்லாம் மேலாக நுனியில் படுகிறது. தூரில் இருக்கிறவன் குளிர் காய்கிறான்.

போகும்போது சார் என் ஸ்டூடியோவுக்கு வந்தார். டீ வேண்டாம் என்றார்.

"தினமும் அங்கதானே தம்பி படுத்துக் கெடந்தீங்க. ஒண்ணுகூடக் கண்ணுல படலியா?"

வெளிச்சம் போதலை சார் என்றேன். அவர் என்னை நம்பினாரா? தெரியவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

டிசம்பர் 26

பதினைந்து மாவும் போயிற்று. ஓரத்தில் வரப்பை ஒட்டி ஒரு முழம், இரண்டு முழம் பச்சை நிற்கிறது. மற்றபடி ஒத்தப்பனை வயல் முழுக்கக் கருகிய வைக்கோல். கதிர் வெளிவந்தும் பால் பிடிக்கவில்லை, எல்லாம் பதர்.

நடராசன் வரப்பில் நின்றான். செருப்பைக் காலிலேயே போட்டிருந்தான், கழற்றத் தோன்றவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தான், மறுபடி துடைத்தான். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு படம் எடுத்தேன். நல்ல வெயில். முகம் தெளிவாக விழுந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். நான்கு வருடத்தில் இன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன். அம்மா சாப்பிடவில்லை. யாரோ நம் வீட்டு எருமையைக் கொன்றுவிட்ட மாதிரி உட்கார்ந்திருந்தாள். எரிச்சலாக வந்தது.

1974 ஜனவரி 4

நில உச்சவரம்பு விசாரணை ஆபீசிலிருந்து அம்மா பெயருக்கு ஒரு நோட்டீஸ். ராமாயி, கணவர் பெயர் ஐயாவு. எழுபதாம் வருடம் நடராசனிடமிருந்து கிரயம் பெற்ற ஐந்து ஏக்கர் நிலத்தை உண்மையில் யார் பயிர் செய்கிறார்கள் என்று விசாரிக்க வேண்டும், இருபத்திரண்டாம் தேதி கும்பகோணம் வரவும்.

அம்மாவுக்கு ஐந்து ஏக்கரா? ஆள் மாறி வந்துவிட்டது என்று நினைத்து அவளுக்குச் சிரித்துக்கொண்டே படித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

அப்புறம்தான் சொன்னாள். அப்பா செத்த மறு வருடம், நான் கபீர் பாயிடம் இருந்தபோது, அரசப்பன் தெருவில் பதினோரு பேரை வண்டியில் ஏற்றிக் கும்பகோணம் ரிஜிஸ்தர் ஆபீசுக்குக் கூட்டிப் போயிருக்கிறார். குடிசை நிற்கிற மனை உங்கள் பெயருக்கே வருகிறது, கைநாட்டு வையுங்கள் என்று சொல்லியிருக்கிறார். சர்க்கார் மனை கொடுக்கப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. இவர்களும் நம்பிக் கைநாட்டு வைத்திருக்கிறார்கள். உச்சவரம்புக்கு மேல் போகிற நிலத்தை மறைக்கப் பண்ணை ஆள் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறான் பாவி.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். அப்பாவைக் கொன்றவன் வண்டியில் ஏறிப் போனேன் என்று உன்னிடம் எப்படிச் சொல்வேன் என்றாள். மனை வேண்டியிருந்தது, வாயை மூடிக்கொண்டேன் என்றாள்.

எந்த நிலம் என்று நோட்டீசில் எண்தான் இருக்கிறது.

ஜனவரி 5

அரசப்பன் வந்தார். அம்மா எப்படிச் சொல்ல வேண்டும் என்று பாடம் நடத்தினார். நிலம் என்னுடையது, விலை கொடுத்து வாங்கினேன், நான்தான் பயிர் செய்கிறேன் என்று சொல்ல வேண்டுமாம். சொன்னால் போதுமாம், மற்றதைப் பண்ணை பார்த்துக்கொள்ளுமாம்.

எந்த நிலம் என்று நான் கேட்டேன்.

"ஒத்தப்பனை வயல்தான்" என்றார்.

ஜனவரி 6

எழுத முடியவில்லை.

ஜனவரி 10

அதனால் என்ன? பேப்பரில் யார் பெயர் இருந்தாலும் நெல் அவன் களத்துக்குத்தானே போயிருக்கும்! எரிந்தது அவன் நெல்தான். இதைப் பத்துத் தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அம்மாவிடம் சொன்னேன்: ஆபீசர் முன்னால் உண்மையைப் போட்டு உடைத்துவிடு, நிலமும் என்னுடையது இல்லை, கைநாட்டும் ஏமாற்றி வாங்கினார்கள் என்று சொல்லு, அவன் மாட்டிக்கொண்டு முழிக்கட்டும். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். விவசாயத் தொழிலாளர் சங்கத்து ஆட்களும் வந்து அதையேதான் சொன்னார்கள். அவர்களிடம் ஒன்று மட்டும் கேட்டாள். அப்படிச் சொன்னால் நிலம் யாருக்குப் போகும்? சர்க்காருக்குப் போகும், அப்புறம் யாருக்காவது கொடுப்பார்கள், வருடக்கணக்கில் கேஸ் நடக்கும் என்றார்கள். சரி என்று தலையாட்டினாள். என்ன சரி?

ஜனவரி 14

பொங்கல். புது அரிசி கடையில் வாங்கினோம்.

ஜனவரி 22

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஆபீசர் சின்ன வயசு. அம்மாவை உட்காரச் சொன்னார். அம்மா உட்காரவில்லை. நிலம் யாருடையது என்று கேட்டார்.

"என்னுதுங்க" என்றாள் அம்மா. "நாந்தான் நட்டேன், நாந்தான் களையெடுத்தேன். வெலைக்கு வாங்குனேன்."

அரசப்பன் சொல்லிக்கொடுத்த பாடத்தை ஒரு எழுத்து விடாமல் ஒப்பிக்கிறாள். நடராசன் மூலையில் நின்று மீசையைத் தடவிக்கொண்டான். அரசப்பன் சாட்சி சொன்னார், இந்த அம்மாதான் உழுகிறது, பண்ணைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று. பத்திரம், மூன்று வருடம் அம்மா பெயரில் கட்டிய தீர்வை ரசீது எல்லாம் மேஜையில் வைத்தார். ஆபீசர் ஒவ்வொன்றாகப் பார்த்து, எழுதி, அம்மாவிடம் கைநாட்டு வாங்கி, காகிதங்களை அம்மா கையிலேயே திருப்பிக் கொடுத்தார். அவள் பெயரில் இருப்பதை வேறு யாரிடம் கொடுப்பார்?

வெளியே வந்தோம். வேப்பமரத்தடியில் அரசப்பன் கையை நீட்டினார். கொண்டா, பத்திரமாக வைக்கிறோம் என்றார். அம்மா பத்திரத்தை மடித்து, ரசீதுகளை அதற்குள் வைத்து, இடுப்பில் செருகி முந்தானையை இழுத்துக் கட்டினாள்.

"என்னுதுன்னு இப்பத்தானே ஆபீசருகிட்ட சொன்னேன். நீங்களுந்தானே சொன்னீங்க."

நடராசன் ஒரு அடி முன்னால் வந்தான். சங்கத்து ஆட்கள் பத்துப் பேர் அங்கே நின்றார்கள், அம்மா முன்பே சொல்லி வரவைத்திருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது. அவன் முகம் போன போக்கு! வரப்பில் நான் பிடித்த படமெல்லாம் இதற்கு உறைபோடக் காணாது. இல்லை என்று சொன்னால் பினாமி என்று அவன் வாயாலேயே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அம்மா அவனை நேராகப் பார்த்தாள். நான் பிறந்ததிலிருந்து அவள் அவனை நேராகப் பார்த்ததில்லை.

"கெடங்குல காவலுக்குப் படுத்தாருல்ல எங்க வூட்டுக்காரரு, அந்தக் கூலின்னு வச்சுக்கங்க" என்றாள்.

நான் அழுதேன். நடுத்தெருவில் நின்று அழுதேன்.

நடராசனுக்குச் சொல்ல ஒன்றுதான் இருந்தது. "வச்சுக்க. எரிஞ்ச நெலந்தானே. ஒரு மணி நெல்லு இல்லாம எத்தன நாளைக்குத் தாங்குவேன்னு பாக்குறேன்."

எரிந்த நிலம் என்றது எனக்கு உறைத்தது.

ஜனவரி 24

அம்மா விடியற்காலையிலேயே வயலுக்குப் போய்விட்டாள். பின்னாலேயே போனேன். கருகின பயிருக்குள் இறங்கி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தாள், குனிந்து கதிரை உருவிப் பார்த்தாள். பதரை ஊதினாள். இன்னொன்றை உருவினாள். பனைமரத்தடியில் சிவப்பு நூல் கட்டிய குத்து அவள் காலடியில் இருந்தது, பார்த்தாளா தெரியாது.

இது விளைந்திருந்தால் நூறு மூட்டைக்கு மேல். வருடம் முழுக்கச் சோறு, விதை, ஏர் எல்லாம் இதிலேயே வந்திருக்கும். நடராசன் சவால் விட ஒன்றும் இருந்திருக்காது. இப்போது விதைக்கு ஒரு பிடி நெல் இல்லை.

கீழ்க்கோடியில் வடிகால் பக்கம் நின்றாள். அங்கே நின்றுதான் சொன்னாள்.

"ரெண்டு தடவ வெட்டிவுட்டேன்டா. தூர்ல பூச்சியப் பாத்த மறுநாளே வெட்டிவுட்டேன், தண்ணி வடிஞ்சா போயிரும்னு. ரெண்டு தடவையும் எவனோ அடச்சிட்டான். மம்பட்டி படல, கையால அள்ளி வச்சிருந்தான். வெரல் அஞ்சும் தெரிஞ்சுது."

இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"எவன்னு தெரிஞ்சா கேப்பேன்" என்றாள்.

ஜனவரி 25

அப்போது அது அவன் வயல்தானே? அவள் வயல் என்று எனக்குத் தெரியாதே? தெரியாது தெரியாது தெரியாது. ஆனால் அவளுக்கும் தெரியாதே! அவன் வயல் என்று நினைத்துத்தானே அவளும் வெட்டிவிட்டாள். அதே வயல், அதே பூச்சி, ஒரே வீட்டில் இரண்டு பேர்.

புகையான் படங்கள் எல்லாவற்றையும் சுவரிலிருந்து கழற்றினேன். கொளுத்தலாம் என்று தீப்பெட்டி எடுத்தேன். முடியவில்லை. அவ்வளவு நன்றாக வந்திருக்கின்றன.

பிப்ரவரி 3

ஓரப் பச்சையை அறுத்தோம். அம்மா, நான், தெருவில் நாலு பெண்கள். மொத்தமே இரண்டு மூட்டை தேறியது. அம்மா முதலில் அந்த நாலு பேருக்கும் சர்க்கார் லிட்டரால் கூலி அளந்தாள். மிச்சத்தை விதைக்கென்று கட்டி வைத்தாள், அதில் பாதி பதர்.

அரசப்பன் தினமும் ஒரு ஆளை அனுப்புகிறார். நிலத்தைத் திருப்பிக் கொடுத்தால் பத்து மூட்டை தருவார்களாம். அம்மா அந்த ஆளுக்கு மோர் கொடுத்து அனுப்புகிறாள்.

மார்ச் 11

கேமராவைக் கபீர் பாயிடமே திருப்பிக் கொடுத்தேன். நல்ல விதை நெல்லுக்கும் ஏர் மாட்டுக்கும் அவர் ஏற்பாடு செய்தார். ஏன்டா, கண்ணைப் பிடுங்கிக் கொடுக்கிறாயே என்றார். பித்தளைக் குழாயை மட்டும் திருப்பித் தந்துவிட்டார், அது வேறு எந்தக் கேமராவுக்கும் பொருந்தாதாம். ஸ்டூடியோவில் இனி பழைய பெட்டிக் கேமராதான்.

எதற்குக் கொடுத்தாய் என்றாவது அம்மா கேட்டிருக்கலாம்.

ஏப்ரல் 19

யூனுஸ் சாரின் தாள் அச்சாகி வந்துவிட்டது. கூட்டுறவுச் சங்கச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். பன்னிரண்டு படமும் என்னுடையவை. எட்டாவது புகையான், நவம்பர் பன்னிரண்டு காலையில் எடுத்தது. நானே கொடுத்தேன், தேதி இல்லாமல். அதற்குக் கீழே எழுதியிருக்கிறது: கண்டவுடன் வயலின் தண்ணீரை வடித்துவிடவும்.

கூட்டம் கூடிப் பார்த்தது. எவ்வளவு தெளிவு, கண்கூடத் தெரியுது பார் என்றார்கள். சார் என் தோளில் கை வைத்தார். வெளிச்சம் நல்லாத்தான் இருந்திருக்கு தம்பி என்றார்.

அப்பா படத்தை இன்று எடுத்துத் துடைத்தேன். கண் வரையலாமா என்று மையைக் குழைத்தேன். நடராசன்தான் விழுந்துவிட்டானே. மை காய்ந்துபோகும்வரை உட்கார்ந்திருந்தேன், வரையவில்லை.

ஜூலை 2

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. நுங்கும் நுரையுமாக, சருகையும் குப்பையையும் தள்ளிக்கொண்டு. ஒத்தப்பனை வயலுக்கு முதல் மடை. குளத்துத் தண்ணீரில் முன்பே விட்ட நாற்று நன்றாக வந்திருக்கிறது. குறுவை நடவு நாளை.

நடராசன் வரப்பில் போனான். செருப்பைக் கையில் பிடிக்க அரசப்பன் இல்லை, அவனே பிடித்திருந்தான். பார்க்காமல் போனான். சந்தோஷமாகத்தான் இருந்தது. ரொம்ப நேரம் இருக்கவில்லை.

தண்ணீர் கட்ட வேண்டும், கீழ்க்கோடி வடிகாலை அடை என்றாள் அம்மா. மண்வெட்டி அந்தக் கரையில் கிடந்தது. அதை எடுக்கப் போகவில்லை நான். யோசிக்கவும் இல்லை. உட்கார்ந்து இரண்டு கையாலும் சேற்றை அள்ளி வைத்து, அழுத்தி, அடைத்துவிட்டேன். தண்ணீர் நின்றது.

நிமிர்ந்தால் அம்மா பக்கத்தில் நிற்கிறாள்.

அடைத்த சேற்றில் என் விரல் தடம் அஞ்சும் பதிந்திருந்தது. வெயில் சாய்வாக விழுந்து ஒவ்வொரு விரலுக்கும் தனி நிழல், நகக்கண்கூடத் தெரிந்தது. அம்மா அதைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

நான்தான்மா என்றேன். சத்தம் வெளியே வந்ததா என்று தெரியவில்லை.

அம்மா வலது காலைத் தூக்கி அந்தச் சேற்றின் மேல் வைத்தாள். தடம் முழுக்க மறைகிறவரை காலால் மெழுகினாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நாற்றங்கால் பக்கம் போனாள்.

"வா, நாத்து பறிக்கணும்" என்றாள்.